தூரமா போறீங்களா?

திருச்சி ரோட்டில், உச்சி வெயிலில், வலது கைக் கட்டை விரலை நீட்டிக்கொண்டு நான் நின்றேன். எனக்குப் பின்னால் பத்தடி தள்ளி, புளிய மரத்தை ஒட்டி, என் அப்பா குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். வெயிலுக்காக இல்லை. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களே என்றுதான் அந்தக் குடை.

குடை பிடிக்காத கையில் பிரவுன் பேப்பர் சுற்றிய ஒரு புதுப் புடவை இருந்தது.

மணி ஒன்று. நாலு மணிக்குள் நாங்கள் வடமதுரை போய்ச் சேர வேண்டும். திண்டுக்கல்லில் அன்று பஸ் ஸ்டிரைக். காலைப் பாசஞ்சர் ரயிலும் போய்விட்டது.

"அப்பா, செத்த முன்னால வந்து நில்லுங்க. ரெண்டு பேருன்னு தெரிஞ்சாத்தான் வண்டிய நிப்பாட்டுவாங்க."

"நீ நில்லு. ஒனக்குத்தான் பழக்கம்ல," என்றார் குடைக்குள்ளிருந்து.

நாலு நாளைக்குப் பிறகு என்னிடம் அவர் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம் அது. அதிலும் குத்தல்!

லாரி ஒன்று வந்தது. ஜெர்மனியில் எப்படி நிற்பேனோ அப்படியே நின்றேன். முதுகு நேராக, முகத்தில் சிரிப்பு, விரல் விறைப்பாக. டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டித் தன் கட்டை விரலை எனக்கு ஆட்டிக் காட்டிவிட்டு, ஹாரனை அழுத்திக்கொண்டே போய்விட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த கிளீனர் நாக்கை வேறு நீட்டினான்.

நம் ஊரில் கட்டை விரலைக் காட்டினால் 'உனக்கு ஒண்ணும் கிடையாது போ' என்று அர்த்தம். சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நாலு வருஷ ஜெர்மனி வாசத்தில் எனக்கு மறந்து போயிருந்தது.

குடைக்குள் ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தத் தொடரில் முன்பு ஒரு தடவை, ஜெர்மனியில் நர்ஸ் வேலை பார்த்தபோது வழியில் போகிற கார்களை நிறுத்தி ஏறி ஊர் ஊராகச் சுற்றியதைப் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி 'உங்களுக்குப் பயமே இல்லையா?' என்று கேட்டன. மீதிப் பாதி, நாசூக்காக, 'உங்களுக்கு வெட்கமே இல்லையா?' என்று கேட்டன.

பயம் இருந்தது. வெட்கம் கொஞ்சமும் இல்லை. இருபத்து நாலு வயசு, கையில் வேலை, காலில் கெட்டியான பூட்ஸ். வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை. நெடுஞ்சாலையில் நிற்கிறவர்களை ஏற்றிக்கொள்வது அங்கே சாதாரணம். மாணவர்கள் போவார்கள், பட்டாளத்தில் இருப்பவர்கள் போவார்கள், எங்களைப் போன்ற நர்சுகளும் போவார்கள். நான் மட்டும் ஏன் ஜன்னலுக்குள் உட்கார்ந்து ரைன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவள் ஊர்சுலா. என் வார்டில் வேலை பார்த்த ஜெர்மன் பெண். நெட்டை, சிகப்பு முடி, ஓயாத வாய். அவளோடு சேர்ந்துதான் முதல் பத்துப் பதினைந்து தடவை போனேன். அவள் சட்டம் எல்லாம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். ஓட்டுகிறவர் முகத்தைப் பார்க்காமல் கதவைத் தொடாதே. இரண்டு ஆண்கள் இருந்தால் ஏறாதே. பையை டிக்கியில் போடாதே, மடியில் வைத்துக்கொள். தூங்காதே.

நான் சேர்த்துக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு. பேச வேண்டும். ஓசியில் ஏற்றிக்கொண்டு போகிற மனுஷனுக்கு நம்மால் கொடுக்க முடிந்தது பேச்சு ஒன்றுதானே! முந்நூறு கிலோமீட்டர் தனியாக ஓட்டுகிறவனுக்குத் துணை வேண்டும். நான் திண்டுக்கல்லைப் பற்றிச் சொல்வேன். மலைக்கோட்டை, பிரியாணி, தோல் பதனிடும் ஷாப்பு நாற்றம், எங்கள் கோயில் சப்பரம், ஒன்றையும் விட மாட்டேன். ஒரு பெல்ஜியம் லாரிக்காரர் சிறுமலை வாழைப்பழத்தைப் பற்றி என்னிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். இறங்கும்போது தன் பிளாஸ்கை என் கையில் கொடுத்துக் காப்பி முழுவதையும் குடிக்கச் சொன்னார்.

கெட்டவன் யாரும் வரவில்லையா என்றால், ஒருவன் வந்தான். கியரை மாற்றுகிற சாக்கில் என் முழங்காலில் கையை வைத்தான். நான் கத்தவில்லை. "நான் நர்ஸ். தொடையில் எந்த இடத்தில் குத்தினால் கால் ஒரு மாசத்துக்கு மரத்துப் போகும் என்று எனக்குத் தெரியும். பையில் ஊசி இருக்கிறது," என்றேன். பையில் இருந்தது இரண்டு ஆரஞ்சுப் பழம். அடுத்த பெட்ரோல் பங்கில் வண்டி தானாக நின்றது. இறங்கியதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஆரஞ்சைத் தின்று முடித்த பிறகுதான் எழுந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். நான் கெட்டிக்காரி என்பதோடு எனக்கு அதிர்ஷ்டமும் இருந்தது.

கேட்கக் கூடாத கேள்வி

ஊர்சுலாவின் சட்டங்களில் மேலே சொல்லாமல் விட்ட ஒன்றை மட்டும் என்னால் கடைசி வரை கடைப்பிடிக்க முடியவில்லை. "கதவைத் திறப்பதற்கு முன்னால் கேள். எங்கே போகிறீர்கள்? அது தெரியாமல் ஏறாதே."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறவரைப் பார்த்து 'எங்கே போறீங்க' என்று கேட்பதா?

என் அப்பா திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். நாங்கள் கிறிஸ்தவர்கள். சகுனம் பார்ப்பது பாவம் என்று எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சொல்லுவார். பூனை குறுக்கே போனால் அதற்கு சல்யூட் அடிப்பார். ஆனால் இந்த ஒன்றை மட்டும் அவரால் தாங்க முடியாது. எனக்கு ஆறு வயசிருக்கும்போது, அவர் சைக்கிளில் ஏறக் காலைத் தூக்குகிற நேரத்தில் "எங்கப்பா போறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான். சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். உள்ளே வந்து உட்கார்ந்தார். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். கழுத்தில் தொங்கிய விசில் கயிற்றால் என் முதுகில் ஒன்று வைத்தார். பிறகுதான் கிளம்பினார்.

"வெளிய போறவங்கள எங்கன்னு கேக்கலாமா? போற காரியம் வெளங்குமா? அவசியமாக் கேக்கணும்னா 'தூரமா'ன்னு கேளு."

இதுதான் எங்கள் பக்கத்துப் பழக்கம். 'தூரமா போறீங்களா?' என்று கேட்டால் போதும். "இல்ல, பக்கத்துல நெலக்கோட்டைக்குத்தான்," என்று அவரே ஊரைச் சொல்லிவிடுவார். கேட்ட மாதிரியும் ஆச்சு, கேட்காத மாதிரியும் ஆச்சு.

ஊர்சுலாவோடு போனபோது பிரச்சினையே இல்லை. அவள் கேட்பாள், நான் காதை மூடாத குறையாக நிற்பேன். அவள் அட்டையில் ஊர்ப் பெயரை எழுதிப் பிடிப்பாள். எனக்கு அதுவும் பிடிக்காது. போகிற ஊரைக் கிளம்பும்போதே தண்டோரா போடுவார்களா!

முதன்முதலாகத் தனியாகப் போனது ஸ்டெல்லாவின் கல்யாணத்துக்கு. திண்டுக்கல்லிலிருந்து என்னோடு ஒரே விமானத்தில் வந்தவள் ஸ்டெல்லா. கொலோன் நகரத்தில் வேலை. சனிக்கிழமை பதினொரு மணிக்கு அங்கே கோயிலில் கல்யாணம். அவள் பக்கத்தில் நிற்கப் போகிற தோழி நான்தான். அந்த ஊரில் அவளுக்குச் சொந்தம் என்று வேறு ஒரு ஆள் கிடையாது.

காலை ஏழு மணிக்குச் சாலை இரண்டாகப் பிரிகிற இடத்துக்குச் சற்று முன்னால், பெட்ரோல் பங்கில் நின்றேன். வடக்கே போனால் கொலோன், ஒன்றரை மணி நேரம். ஐந்து நிமிஷத்தில் ஒரு கார் நின்றது. ஒரு பெரியவர், பக்கத்தில் அவர் மனைவி. முகம் பார்த்தேன், நல்ல முகம். குனிந்து, நல்ல ஜெர்மனில், மரியாதையாகக் கேட்டேன்: "தூரமா போறீங்களா?"

"ஆமாம், ஆமாம், ரொம்ப தூரம்! ஏறிக்கொள்!" என்றார் பெரியவர்.

அங்கே அவ்வளவுதான் பதில். கேட்ட கேள்விக்குச் சரியான பதில்! ஊரை அவராகச் சொல்லுவார், சொல்லுவார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் பிளம் கேக் கொடுத்தார். நான் மலைக்கோட்டையில் ஆரம்பித்து சப்பரம் வரைக்கும் வந்துவிட்டேன். வெயில் ஏன் இந்தப் பக்கம் அடிக்கிறது என்று நிமிர்ந்து பார்த்தால், பிராங்பர்ட்டைத் தாண்டியாச்சு என்று போர்டைப் பார்த்ததும் தெரிந்தது. அவர்கள் போய்க்கொண்டிருந்தது தெற்கே, ஆல்ப்ஸ் மலைக்கு.

விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டார். பெரியவர் அடுத்த வழியில் வண்டியைத் திருப்பி எதிர்ப்பக்கத்துச் சாலையில் கொண்டுபோய் நிறுத்தினார். ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்து, தன் கையாலேயே பெரிய எழுத்தில் 'கொலோன்' என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு வண்டி கிடைக்கும் வரைக்கும் இரண்டு பேரும் கூடவே நின்றார்கள். நின்ற நேரத்தில் ஒரு போட்டோவும் எடுத்தார்கள். விலாசம் கேட்டார்கள். நான் பெருமையாகத் திண்டுக்கல் விலாசத்தைக் கொடுத்தேன்.

கொலோன் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. ஸ்டெல்லா மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தாள். யாரோ முன்பின் தெரியாத ஒரு ஜெர்மன் அம்மாள் தோழியாக நின்றிருக்கிறாள். "ஏண்டி வரல?" என்று ஸ்டெல்லா கேட்கவே இல்லை. எனக்கு ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அந்தத் தட்டைப் பார்த்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

மாசி மாதம் வந்த கிறிஸ்மஸ் கார்டு

அடுத்த வருஷம் ஒரு மாத லீவில் ஊருக்கு வந்தேன். லீவு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது அந்தத் தம்பதி கிறிஸ்மஸுக்கு அனுப்பிய கார்டு, கடல் தாண்டி ஊர் சுற்றி, மாசி மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே போட்டோ.

போட்டோவில் நான் பேண்ட் போட்டு, கம்பளித் தொப்பி மாட்டி, ஒரு கையில் அட்டை, இன்னொரு கையில் கட்டை விரல். பின்னால் பெரிய ரோடு. கார்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். உங்கள் மகளை நெடுஞ்சாலையில் கண்டோம், அவள் வடக்கே போக வேண்டியவள், நாங்கள் தெற்கே கொண்டுபோய்விட்டோம், எங்களை மன்னியுங்கள் என்று.

அப்பா அதை மூன்று தடவை படித்தார். நான் அதுவரை எழுதிய கடிதங்களில் எல்லாம் 'ரயிலில் போனேன்' என்றுதான் எழுதியிருந்தேன்.

"ரோட்டுல நின்னு கண்டவன் வண்டில ஏறுறியா?"

"அங்க எல்லாரும் போவாங்கப்பா. ஒரு தப்பும் இல்ல."

"எல்லாரும் போகட்டும். நீ எம் மக. பொய் வேற எழுதியிருக்க. எதுத்தாப்புல வாரவன் யாருன்னே தெரியாம ஏறி, வடக்க போறவ தெக்க போயிருக்க. அவென் நல்லவனா இருக்கக் கண்டு போட்டோ வந்துச்சு. இல்லாட்டி என்ன வந்திருக்கும்?"

போட்டோவை வாங்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"ஏறுறதுக்கு முன்னால எங்க போறீகன்னு ஒரு வார்த்த கேக்கத் தெரியாதா ஒனக்கு?"

இதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. "நீங்கதானப்பா கேக்கக் கூடாதுன்னு விசில் கயித்தால அடிச்சீங்க."

அப்பா எழுந்து உள்ளே போனார். என் பாஸ்போர்ட்டை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை விசில் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"நீ போக வேணாம். இங்க ஆஸ்பத்திரியே இல்லையா?"

அத்தோடு பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமை மெட்ராசில் எனக்கு விமானம். திரும்ப வேண்டிய தேதியில் திரும்பாவிட்டால் வேலையும் போகும், விசாவும் போகும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. என் வார்டு, என் அறை, என் இரண்டு நாள் விடுமுறை எல்லாம் பிடித்திருந்தது. பீரோவை உடைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அம்மா இருந்திருந்தால் நடுவில் பேசியிருப்பார். அம்மாவோ வடமதுரையில், படுத்த படுக்கையாக இருந்த மதலேன் அத்தைக்குத் துணையாக இருந்தார்.

பொறந்த வீட்டுக் கோடி

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குத் தெருமுனை மருந்துக் கடைப் போனில் அம்மா பேசினார். அத்தை விடியற்காலையில் இறந்துவிட்டார்.

மதலேன் அத்தை அப்பாவின் அக்கா. அவர்கள் அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டதால் அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அப்பாவைத் தவிர அத்தைக்கு வேறு கூடப்பிறந்தவர்கள் கிடையாது.

"நாலு மணிக்கு எடுப்பு. சாமியார் அதுக்கு மேல நிக்க முடியாதாம், வேற ஊர்ல பூசை இருக்காம்," என்றார் அம்மா. "கோடி நம்ம வீட்லருந்துதான் வரணும். ஒங்க மாமா வாசல்லயே உக்காந்திருக்காரு. பொறந்த வீட்டுக் கோடி போத்தாம பெட்டிய மூட விட மாட்டேங்கறாரு. அப்பாவ எப்பிடியாச்சும் கூட்டிட்டு வா."

கல்யாணமாகிப் போன பெண் இறந்தால், அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுப் புடவை வந்து போர்த்த வேண்டும். கிறிஸ்தவ வேதத்தில் இருக்கிறவர்கள் என்றாலும் எங்கள் பக்கம் இதை யாரும் விடுவதில்லை. பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் ஒருத்தி மண்ணுக்குள் போனால், அவளுக்கு ஆளில்லை என்று அர்த்தம்.

அப்பா அழவில்லை. கடைத்தெருவுக்கு நடந்து போய்ச் சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை ஒன்று வாங்கி வந்தார். கரும்பச்சையில் வெள்ளைப் புள்ளி. அத்தைக்குப் பிடித்த நிறம். வாடகைக் காருக்கு அலைந்தார். ஸ்டிரைக் என்பதால் எல்லாக் காரும் விடியும் முன்பே போய்விட்டது. கடைசியில் சைக்கிளை வெளியே எடுத்தார்.

அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. தையலைத் தினமும் பார்த்தவள் நான். கேரியரைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு!"

"விட மாட்டேன். நாலு மைல் போறதுக்குள்ள தையல் பிரிஞ்சு நீங்க ரோட்டோரத்துல கெடப்பீங்க. அங்க அத்தை பெட்டில கெடப்பாங்க. வாங்க எங்கூட. நாலு மணிக்குள்ள நான் கொண்டுபோய்ச் சேக்கறேன்."

"எப்பிடி?"

நான் என் கட்டை விரலைக் காட்டினேன்.

பூ வண்டி

இப்படித்தான் அந்தப் புளிய மரத்தடிக்கு வந்தோம்.

முதல் லாரி கதையைச் சொல்லியாயிற்று. அடுத்து ஒரு அம்பாசிடர் வந்தது. உள்ளே ஒன்பது பேர் இருந்தார்கள், பத்தாவதாக ஒரு ஆட்டுக்குட்டி. ஒரு டிராக்டர்காரர் நின்றார், ஆனால் அரை மைலில் திரும்பிவிடுவாராம். பிறகு மோட்டார் சைக்கிளில் ஒரு மைனர் வந்து, "ஒரு ஆளுன்னா ஏறிக்கங்க," என்று தலைமுடியைக் கோதினான். "சரி, எங்கப்பாவை ஏத்திக்கப்பா," என்றேன். பறந்துவிட்டான்.

மணி ஒன்றே முக்கால். திரும்பிப் பார்த்தேன். அப்பா குடையைத் தாழ்த்தியிருந்தார். ரோட்டைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஒரு வேன் வந்தது. பின்னால் ஈரச் சாக்கு மூட்டைகள். தூரத்திலேயே மல்லிகை வாசம் அடித்தது. நிலக்கோட்டையிலிருந்து திருச்சி மார்க்கெட்டுக்குப் போகிற பூ. விரலை நீட்டினேன். வேன் எங்களைத் தாண்டி, வேகம் குறைந்து, ஓரம் கட்டி நின்றது.

"பாத்தீங்களாப்பா!" என்றேன். என்ன இருந்தாலும் ஆறு நாட்டில் வண்டி நிறுத்திய விரல்.

டிரைவருக்கு நாற்பது வயசிருக்கும். நெற்றியில் திருநீறு, காதில் ஒரு பீடி. எட்டிப் பார்த்துக் கேட்டார்: "தூரமா போறீகளாய்யா?"

நான் ஜெர்மனியில் கேட்டு ஏமாந்த அதே கேள்வி. அப்பா சொன்னார், "வடமதுரைக்குத்தான் தம்பி."

"ஏறுங்க. முன்னாலயே உக்காந்துக்கங்க. அந்தப் பொட்டணத்தப் பின்னால வைக்க வேணாம்யா, மடிலயே வச்சுக்கங்க."

ஏறினோம். நான் என் கடமையை ஆரம்பித்தேன். பூ என்ன விலை, மழை எப்படி, பாண்டி என்கிற அந்த டிரைவருக்கு எத்தனை பிள்ளைகள், எல்லாம் கேட்டேன். ஜெர்மனியில் மல்லிகைப் பூவைச் சட்டியில் வைத்து ஒற்றையாக விற்கிறார்கள் என்று சொன்னதும் பாண்டி சிரித்தார். அப்பா மட்டும் நடுவில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பொட்டணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவர் எதையோ மென்று முழுங்குவது தெரிந்தது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். சும்மா இருங்கப்பா என்று முழங்கையால் இடித்தேன்.

பாதி வழி போயிருக்கும். அப்பா வாயைத் திறந்துவிட்டார்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். நாங்க போறது துட்டி வீட்டுக்கு. எங்கக்கா செத்துப் போச்சு. இந்தப் பொட்டணத்துல இருக்கறது கோடி. ஒங்க வண்டில இருக்கறது சாமிக்கும் கல்யாணத்துக்கும் போற பூ. ஒங்களுக்கு மனசு ஒப்பலைன்னா சொல்லுங்க, இங்கயே எறங்கிக்கிறோம்."

எனக்கு உயிரே போய்விட்டது. மணி இரண்டு. சுற்றிலும் சோளக்காடு. இன்னும் ஆறு மைல்!

பாண்டி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்யா," என்றார்.

"தெரியுமா?"

"உச்சி வெயில்ல, ஜவுளிக்கடைப் பொட்டணத்த நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, சிரிப்பில்லாம ஒரு பெரியவரு தனியா நின்னா, கல்யாணத்துக்கா போவாரு? அதப் பாத்துத்தானய்யா நிப்பாட்டினேன். பூவோட வைக்க வேணாம், மடில வச்சுக்கங்கன்னு அதுக்குத்தான் சொன்னேன். எங்கம்மாவுக்கு எடுக்கறப்ப எந் தாய்மாமன் இப்பிடித்தான் பஸ் கெடைக்காம நடந்தே வந்தாரு."

நான் விடவில்லை. "அப்ப நான் கை காட்டினதப் பாத்து நிப்பாட்டலையா?"

பாண்டி தயங்கினார். "அது என்னாம்மா அந்த வெரலு? யாரு கூடயோ வம்புக்கு நிக்கிறீகன்னு நெனச்சேன்."

அப்பா சிரித்துவிட்டார். நிஜமாகவே, தோள் குலுங்க, வாய்விட்டுச் சிரித்தார். ஆறு நாட்டில் வண்டி நிறுத்திய விரலைப் பார்த்துத்தான் அந்தச் சிரிப்பு. அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு நிற்காமலேயே அழுகையாகிவிட்டது. "அக்கா, அக்கா," என்று பொட்டணத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். காலையிலிருந்து வராத அழுகை. நான் அவர் முதுகில் கையை வைத்தேன். அவர் தட்டிவிடவில்லை. பாண்டி வேகத்தைக் குறைத்து, அவர் அழுது முடிக்கும் வரை மெதுவாக ஓட்டினார்.

வடமதுரையில் ரோட்டிலேயே இறக்கிவிட்டிருக்கலாம். பாண்டி சந்து வரைக்கும் வண்டியைக் கொண்டுவந்தார். அப்பா இறங்கி, முன்பின் தெரியாத அந்த ஆளுக்கு, பள்ளிக்கூட மைதானத்தில் கொடி ஏற்றும்போது அடிப்பாரே, அப்படி ஒரு சல்யூட் அடித்தார்.

சொல்லிக்கொள்ளாமல்

மாமா வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். அப்பா கையிலிருந்த பொட்டணத்தைப் பார்த்ததும் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான் வந்துருவாருன்னு சொன்னேன்ல," என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

அப்பா சுங்குடியைப் பிரித்து அத்தை மேல் போர்த்தினார். கழுத்து வரை இழுத்துவிட்டு, சுருக்கத்தை நீவினார். நாலு மணிக்குச் சாமியார் ஜெபம் சொன்னார். பெட்டியை மூடினார்கள்.

எல்லாம் முடிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. துட்டி வீட்டில் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அம்மா அங்கேயே தங்கிவிட்டார். அப்பாவும் நானும் யாரிடமும் சொல்லாமல் எழுந்து ரோட்டுக்கு வந்தோம். இந்தத் தடவை அவர் குடையை விரிக்கவில்லை.

நான் பழக்க தோஷத்தில் விரலை நீட்டப் போனேன். "அதை உள்ள வையி," என்றார். தானே ரோட்டின் ஓரத்துக்குப் போய், வரிசையில் ஓடுகிற பையன்களை நிறுத்துகிற மாதிரி, முழுக் கையையும் தூக்கி உள்ளங்கையைக் காட்டினார். கடலைக்காய் மூட்டை ஏற்றி வந்த லாரி கிறீச்சென்று நின்றது.

அப்பா டிரைவர் பக்கம் போனார். தலையைத் தூக்கி, மைதானத்துக்கே கேட்கிற குரலில் கேட்டார்:

"எங்க போறீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுபது வயசில், கிளம்பிப் போகிற ஒரு வண்டியைப் பார்த்து என் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். டிரைவர் முகம் சுண்டிப்போயிற்று.

"என்ன பெருசு, போற வண்டிய மறிச்சு எங்க போறேன்னு கேக்குறீக?"

"வெவரமாத்தான் கேக்குறேன். திண்டுக்கல்லுக்குப் போறீகளா, இல்ல வேற பக்கம் திரும்புறீகளா?"

"திண்டுக்கல்லுக்குத்தான். ஏறித் தொலைங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். காது மடல் சிவந்திருந்தது. அவருக்கு அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று எனக்குத் தெரியும்.

"பாத்துக்கிட்டியா? இப்பிடித்தான் கேக்கணும். அவென் மூஞ்சியத் தூக்குனா தூக்கட்டும். ஞாயித்துக்கிழம பிளேன் ஏறி அங்க போய் எறங்குனப்பறம், எந்த வண்டியா இருந்தாலும் கதவத் தொடுறதுக்கு முன்னால கேளு. ஊரு பேரச் சொன்னப்பறம் ஏறு."

பீரோச் சாவி அவர் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி இனி நான் கேட்க வேண்டியதில்லை.

"சரிப்பா," என்று சொல்லிவிட்டு, அவருக்குக் கை கொடுத்து லாரியில் ஏற்றிவிட்டேன்.